சைரனுக்கு எதில் பயம்?

எங்கள் பயிற்சி நிலையத்தில் அவளை எல்லோரும் சைரன் என்றுதான் அழைத்தார்கள். வாசல் கேட்டில் நின்று அவள் தோழியைக் கூப்பிட்டால் மாடியில் இருக்கும் என் மேசைக்குக் கேட்கும். இன்று அவரை நேரில் பார்த்தால் 'வாங்க, உட்காருங்க' என்றுதான் சொல்கிறேன். ஆனால் இது அவருடைய மாணவிக் காலத்துக் கதை. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். இதில் சில பகுதிகளை நான் கண்ணால் பார்த்தேன், சிலவற்றை அவளும் அவள் தோழியும் பிற்பாடு சொல்லிக் கேட்டேன். எது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

காது கேட்கும் திறனைச் சோதிக்கக் கற்றுத்தரும் இரண்டாண்டுப் படிப்பு அது. அலுவலகப் பதிவுகள் அனைத்தும் என் பொறுப்பு. தேர்வு நாட்களில் நேரம் பார்த்து மணியடிக்கும் வேலையும் என் தலையில் விழும். கடைசி ஆண்டில் பேச்சுத் தேர்வு என்று ஒன்று உண்டு. மாணவர் மேடையேறி, முழு வகுப்புக்கும் வெளியிலிருந்து வரும் ஒரு காது மருத்துவருக்கும் முன்னால், தான் எடுத்துக்கொண்ட தலைப்பைப் பத்து நிமிடம் விளக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டதிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் பேச ஆரம்பிக்காவிட்டால் 'பேசவில்லை' என்று எழுதிவிடுவோம். அப்படி எழுதப்பட்டவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். அதுவும் போனால் சான்றிதழ் கிடையாது, படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சைரன் முதல் முறை மேடையேறியபோது நான் கடிகாரத்தோடு முன்வரிசையில் இருந்தேன். அவளைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. பேச்சுத் தேர்வு என்றாலே அவளுக்காக வைத்தது மாதிரி என்று வகுப்பே கிண்டல் செய்துகொண்டிருந்தது. அவள் வந்து நின்றாள். கூட்டம் அடங்கியது. "வணக்கம்" என்றாள். அந்த ஒரு சொல் வழக்கமான குரலில்தான் வந்தது. அடுத்த நொடி, தோளைத் தொட்டு யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அதன்பிறகு வாய் திறக்கவில்லை. வணக்கம் பேச்சில் சேராது என்பது விதி. இரண்டு நிமிடம் முடிந்ததும் நான் எழுத வேண்டியதை எழுதினேன்.

அவள் ஏன் திரும்பிப் பார்த்தாள் என்ற கேள்வி எனக்குள் ஒட்டிக்கொண்டது. பயந்தவர்கள் தரையைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், வாசலைப் பார்ப்பார்கள். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெறும் சுவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் அப்பா மாவு மில் வைத்திருந்தார். வீடு மில்லுக்குப் பின்னாலேயே, ஒரே சுவர். காலையில் பெல்ட் ஓட ஆரம்பித்தால் இரவு சாப்பாட்டு நேரம்வரை ஓடும். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சாதாரணக் குரலில் பேசியதே இல்லை. உப்பு கேட்பதானாலும் கத்தித்தான் கேட்பார்கள். அப்பா இயந்திரத்தின் பக்கத்திலேயே வாழ்ந்தவர். தொலைபேசி அடிப்பது அவருக்குக் கேட்காமல் போனதைப் பார்த்துத்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள். மில்லில் வேறு ஆள் கிடையாது. இரண்டு வருடம் மட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இன்னொரு இரண்டு வருடம் என்று போய் நிற்க அவளால் முடியாது. மறுதேர்வில் தவறினால் அவள் மாவுச் சல்லடைக்கே திரும்ப வேண்டியதுதான். இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள் என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

அவளுடைய நெருங்கிய தோழி மிக உயரமான பெண். நெட்டை என்று பெயர். "எதிர்ல இருக்கறவங்களை ஆளாவே நினைக்காதடி. எல்லாம் மாவு மூட்டைன்னு நினைச்சுக்கோ" என்றாள் நெட்டை.

"மூட்டைங்க முன்னாடி நின்னு நான் எதுக்குடி பேசணும்? தூக்கி வண்டியில போட்டுட்டுப் போயிடுவேனே."

அப்பாவின் வைத்தியம் இன்னும் எளிது. "சத்தமா பேசு பாப்பா. உன் குரல் அவங்களுக்கு எட்டியிருக்காது."

"எட்டறதுக்கு நான் பேசவே இல்லைப்பா."

"என்ன?"

"பேசவே இல்லைன்னேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சத்தமா பேசு."

வகுப்பு ஆசிரியை முறைப்படி ஒரு பயிற்சி சொன்னார். முதலில் ஆளில்லாத மண்டபத்தில் பேசிப் பழகு, அப்புறம் ஒருவர் முன்னால், அப்புறம் ஐந்து பேர் முன்னால். கூட்டத்துக்குப் பயப்படுபவர்களுக்கு இது நல்ல வழிதான், பலருக்குப் பலித்தும் இருக்கிறது. சாயங்காலம் மண்டபத்தின் சாவியை நான்தான் கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்து சாவியை மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா, அதுக்குள்ளயா?"

"சார், கூட்டம் இருந்தப்பவே தேவலை. காலியா இருந்தா இன்னும் மோசமா இருக்கு."

அவள் போனபின் அந்தச் சாவியை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆளே இல்லாத இடத்தில் பயம் அதிகமாகிறது என்றால், அது ஆட்களைப் பற்றிய பயம் இல்லை. பின்னே எதைப் பற்றியது?

எனக்குத் தோன்றிய இதே கேள்வி அவளுக்கும் தோன்றியிருந்தது. அவள் படித்த படிப்பே அப்படி. சோதனைக்கு வருபவர் 'எனக்கு இந்தக் காது மந்தம்' என்று சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் எந்தக் காது, எந்த ஒலி என்று முடிவுக்கு வர வேண்டும். தன்னையும் அப்படியே சோதித்துப் பார்த்தாள் என்று நெட்டை சொன்னாள். விளக்கை அணைத்துப் பேசிப் பார்த்தாளாம், வரவில்லை. உட்கார்ந்துகொண்டு, வரவில்லை. சந்தை வாசலில் நின்று, முன்பின் தெரியாத கூட்டத்தைப் பார்த்து முழுப் பேச்சையும் ஒப்பித்தாளாம். தண்ணீர் மாதிரி வந்ததாம். "காய் வாங்க வந்த ஒரு அம்மா, ஏதோ பிரச்சாரம்னு நினைச்சு, அடுத்த தெருவுலயும் பேசுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க சார்" என்றாள் நெட்டை.

விடை கிடைத்தது ஒரு விளையாட்டில். இதையும் நெட்டை சொல்லித்தான் அறிந்தேன். ஆனால் நம்பாமல், மறுநாள் நானே போய்ப் பார்த்தேன்.

எங்கள் நிலையத்தில் ஒலி புகாத ஓர் அறை உண்டு. தடித்த கதவு, சுவரெங்கும் பஞ்சுப் பலகை, ஒரு கண்ணாடி ஜன்னல். மாணவர்கள் அதைப் பெட்டி என்பார்கள். உள்ளே இருப்பவர் தலையில் ஹெட்போன், வெளியே இருப்பவர் கையில் கருவி. ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றக் காது உதவிக்கு வந்துவிடாதபடி அதில் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சலை ஓடவிடுவார்கள். அன்று சைரன் பெட்டிக்குள் நோயாளியாக உட்கார, நெட்டை வெளியே கருவியில் இருந்தாள். உள்ளே இருக்கும் மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, ஏதாவது பேசு என்று கையைக் காட்டினாள். குறும்புக்காக அந்த இரைச்சலை அவளுடைய இரண்டு காதுகளிலும் திறந்துவிட்டாள். சைரனின் மனத்தில் இருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். அதையே ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு வெளியே பாதி வகுப்பு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் அவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள், தடங்கலில்லாமல்.

நெட்டை இரைச்சலை நிறுத்தினாள். பேச்சு பாதிச் சொல்லில் நின்றது.

திறந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நிறுத்தினாள், நின்றது.

"குழாயைத் திறந்து மூடற மாதிரி இருக்குடி" என்றாள் நெட்டை. எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியிலிருந்து வெளியே வந்த சைரன் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பண்ணு" என்றாளாம்.

மறுநாள் நான் பார்த்தபோதும் அப்படியேதான் நடந்தது. என் எதிரில் அவள் ஆசிரியையிடம் சொன்னாள்: "மேடம், எனக்கு ஜனங்ககிட்ட பயமில்லை. எதிர்ல யாராவது பதில் பேசினா ஒண்ணும் தெரியாது. சத்தமே இல்லாத இடத்துல தனியா பேசினா என் குரல் எனக்கே வேற யாரோடதோ மாதிரி கேக்குது. பின்னால நின்னு யாரோ பேசற மாதிரி. வீட்டுல என் குரலை நான் தனியா கேட்டதே இல்லை. எப்பவும் மில்லு கூடவே ஓடும்."

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. தன் குரலின் சொந்தக்காரரைத் தேடியிருக்கிறாள்.

"சரி, கண்டுபிடிச்சாச்சு. இதுக்கு என்ன பண்றது?" என்றார் ஆசிரியை.

"ஹெட்போன் போட்டுக்கிட்டுப் பேசறேன் மேடம். இரைச்சல் ஓடட்டும். நெட்டை பக்கத்துல கருவியோட உட்காரட்டும்."

ஆசிரியை என்னைப் பார்த்தார். "விதி இடம் கொடுக்குமா?"

விதிகளை எடுத்துப் படித்தேன். பேசுபவர் நிற்க வேண்டும், தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்றெல்லாம் இருந்தது. காதில் என்ன இருக்கலாம், இருக்கக் கூடாது என்று ஒன்றுமில்லை. "காதைப் பத்தி விதி எதுவும் பேசலை மேடம்" என்றேன். காது படிப்பு சொல்லித்தரும் இடத்தில் இப்படி ஒரு விடுபாடு என்று ஆசிரியை தலையிலடித்துக்கொண்டார்.

இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழகவும் பார்த்தாள். ஓர் அளவுக்குக் கீழே போனால் குழாய் அடைத்துக்கொண்டது. அந்த அளவோடு மேடையேறுவது என்று முடிவானது.

மறுதேர்வு நாளில் மின்சாரம் இல்லை.

பராமரிப்பு வேலைக்காக அன்று காலை முதல் சாயங்காலம்வரை மின்தடை என்று முந்திய நாளே அறிவித்திருந்தார்கள். தேர்வைத் தள்ளிவைக்க வழியில்லை. வந்திருந்த மருத்துவர் மத்தியானமே ஊருக்குத் திரும்ப வேண்டியவர். கருவியோ சுவர் மின்சாரத்தில் மட்டும் ஓடக்கூடியது. மண்டபத்தில் மின்விசிறிகூடச் சுற்றவில்லை. அந்த மண்டபம் அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஹெட்போனின் வயர் எதிலும் சொருகாமல் சைரனின் கையில் தொங்கியது.

"சும்மாவாவது மாட்டிக்கோடி" என்றாள் நெட்டை.

"சும்மா மாட்டினா என் குரல் மட்டும்தான் உள்ளே கேக்கும். இன்னும்தான் அடைக்கும்."

அன்றைய மின்தடைக்கு இன்னொரு விளைவும் இருந்தது, அதை யாரும் யோசிக்கவில்லை. மில்லும் ஓடவில்லை. பேச்சுத் தேர்வைப் பார்க்க வீட்டார் வரலாம் என்பது எங்கள் நிலையத்து வழக்கம். சைரன் தன் வீட்டாரிடம், வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனால் வேலையில்லாத நாளில் மகளின் தேர்வை விட்டுவிட்டு வீட்டில் உட்கார அப்பாவுக்கு மனம் வரவில்லை. அவள் மேடையேறிய பிறகு, அவரும் அம்மாவுமாக, சத்தமில்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். சத்தமில்லாமல் என்பது அவர்களுடைய எண்ணம். நாற்காலியை இழுத்ததில் மருத்துவரே திரும்பிப் பார்த்தார்.

நான் பெயரைக் கூப்பிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டேன். அவள் வணக்கம் சொன்னாள். அதே இடத்தில் நின்றுபோனாள். கண் பின்பக்கச் சுவருக்குப் போய் வந்தது. ஒரு நிமிடம் கடந்தது. யாரும் இருமக்கூட இல்லை. கூட்டம் மரியாதைக்காகக் காத்த அந்த அமைதியே அவள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கடிகார முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத வேண்டியதை மனம் ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு ரகசியம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஆரம்பிச்சுட்டாளா?"

"இன்னும் இல்லைங்க. சும்மா இருங்க." இது அம்மா, அதைவிடச் சத்தமாக.

"என்ன?"

"சும்மா இருங்கன்னேன். எல்லாரும் பாக்கறாங்க."

"வாய் அசையுதே. எனக்குத்தான் கேக்கலையா?"

"அசையலைங்க."

"கரண்ட் இல்லைல்ல. அதான் மைக் செத்துப்போச்சு போல. பாவம், பாப்பா என்ன பண்ணும்."

மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மருத்துவர் கையை உயர்த்தினார், வெளியே அனுப்பத்தான் என்று நினைத்தேன். அதற்குள் மேடையிலிருந்து குரல் வந்தது. மாடிவரை எட்டும் அதே குரல்.

"அப்பா, இங்க மைக்கே கிடையாதுப்பா."

"ஆங், இப்ப கேக்குது" என்றார் அப்பா.

மண்டபம் சிரித்து அடங்கியது. இரண்டு நிமிடம் முடியச் சில நொடிகளே பாக்கி. மருத்துவர் என்னைக் கேட்டார்: "இதை என்னன்னு எடுத்துக்கறது? வீட்டுப் பேச்சு தேர்வுப் பேச்சாகுமா?"

இதற்கும் விதியில் ஒன்றுமில்லை. நான் பதில் தேடுவதற்குள் சைரனே சொன்னாள்.

"ஆகும் சார். என் தலைப்பே இதுதான். இரைச்சல்ல வேலை செய்யறவங்களோட காது." கடைசி வரிசையைக் காட்டினாள். "அவர் எங்க அப்பா. மாவு மில் வச்சிருக்கார். இப்ப அவர் பேசினது ரகசியம். அதாவது, ரகசியம்னு அவர் நினைக்கறார். ஏன் அப்படி நினைக்கறார்னு சொல்றேன்."

மருத்துவர் உயர்த்திய கையால் மேலே பேசு என்று காட்டினார்.

அவள் தொடர்ந்தாள். இயந்திரத்தின் இரைச்சல் காதின் உட்பகுதியில் இருக்கும் நுண்ணிய மயிர்களை எப்படி ஓயச் செய்கிறது, அடித்தொண்டைக் குரல் கேட்கும்போதே கீச்சென்ற ஒலிகள் எப்படி முதலில் தொலைந்துபோகின்றன, தொலைந்தது தொலைந்தவருக்கே எப்படித் தெரியாமல் போகிறது என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். இரண்டு மூன்று இடங்களில் குரல் தடுமாறியது. அப்போதெல்லாம் அவள் கண் சுவருக்குப் போகவில்லை, அப்பாவிடம் போனது. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து முன்னால் சாய்ந்திருந்தார். "மெதுவா பேசினா அவருக்குக் கேக்காது. கேக்கலைன்னா 'என்ன'ன்னு சத்தமா கேப்பார். அந்தப் பயத்துல நிறுத்தவே முடியலை சார்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

பத்து நிமிடம் ஆனது. என் மேசைமேல் இருந்த சின்ன மணியை அடித்தேன். மெல்லிய, கீச்சென்ற ஒலி கொண்ட மணி அது. மின்விசிறிகூட ஓடாத அந்த மண்டபத்தில் கண்ணாடி உடைந்தது போலக் கேட்டது.

மணி அடித்தால் மாணவர் நன்றி சொல்லி இறங்க வேண்டும். அவள் இறங்கவில்லை. மணியைப் பார்த்தாள், பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"அப்பா, மணி அடிச்சது கேட்டுச்சா?"

"எந்த மணி?" என்றார் அப்பா.

அம்மா மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மண்டபத்தில் மறுபடியும் அதே நிசப்தம். முதல் தேர்வில் அவளை அடைத்துப்போட்டது போன்றதுதான். இந்த முறை அவள் அதன் நடுவில் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள், எல்லோருக்கும் அது உறைக்கும்வரை. பிறகு சாதாரணக் குரலில், முன்வரிசைக்கு மட்டும் எட்டும்படி, "எங்க அப்பா கேக்கற மண்டபம் வேற, நாம கேக்கற மண்டபம் வேற. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நன்றி" என்றாள்.

"என்ன சொன்னா?" என்றது கடைசி வரிசை.

"வீட்டுக்குப் போய் சொல்றேங்க" என்றார் அம்மா. அன்று முதல்முறையாக அவர் தணிந்த குரலில் பேசியதைக் கேட்டேன். அது அப்பாவுக்குக் கேட்டிருக்காது.

மணிக்குப் பிறகு பேசியதற்காக மருத்துவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அது விதியில் இருக்கிறது, நானும் ஞாபகப்படுத்தினேன். குறைத்த பிறகும் அவள் தேறிவிட்டாள். மருத்துவர் கிளம்பும்போது கடைசி வரிசைக்குப் போய், அப்பாவைத் தன் மருத்துவமனைக்கு வரச் சொன்னார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது சைரனுக்குத் தலைமுடி நரைத்துவிட்டது. தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்த் தொழிலாளர்களிடம் காதைப் பற்றிப் பேசுவது அவருடைய வேலையில் ஒரு பகுதி. அப்பா காதுக் கருவி மாட்டிக்கொண்ட முதல் நாள், "நீ எப்பவுமே இப்படித்தான் கத்துவியா?" என்று அம்மாவைக் கேட்டாராம். அதற்கு அம்மா கொடுத்த பதிலுக்குக் கருவியே தேவைப்பட்டிருக்காது என்றார் சைரன்.

சமீபத்தில் ஒரு கூட்டத்தில் அவர் பேசுவதைக் கேட்கப் போயிருந்தேன். பெரிய மண்டபம், இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையேறி வணக்கம் சொன்னவர், "கடைசி வரிசையில இருக்கறவங்களுக்குக் கேக்குதா?" என்றார். பின்னாலிருந்து நாலைந்து பேர், "கேக்குது, கேக்குது" என்று கத்தினார்கள். அதற்குப் பிறகே பேச்சைத் தொடங்கினார்.

முடிந்ததும் கேட்டேன்: "நீங்க பேசினா தெருவுக்கே கேக்குமே. அப்புறம் எதுக்கு அந்தக் கேள்வி?"

"அது அவங்களுக்காக இல்லை சார்" என்றார். "பின்னாலேருந்து யாராவது ஒரு சத்தம் குடுத்தாத்தான் எனக்கு இன்னும் ஆரம்பிக்க வருது."